ஆவணியிலும் புரட்டாசியிலும் ஊரித் (ஆக்டோபஸ்) வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடல் மாசு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. மொரிசியஸின் மாயேபூரில் வசிப்பவள் என்பதால் வாகாஷியோ கப்பலைப் பற்றிய பகுதி மனதை உலுக்கிவிட்டது. 2020 ஜூலை 25 அன்று எங்கள் ஊருக்கு அருகிலுள்ள புவாந்த் தெஸ்னி பவளத்திட்டில் ஏறி நின்ற அந்தக் கப்பலிலிருந்து ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்தது. சுமார் ஆயிரம் டன் எங்கள் கடற்கழியில் கலந்தது. அன்று சாதி மதம் பார்க்காமல் ஊரே திரண்டது. கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்து, காலி பாட்டில்களைக் கட்டி மிதக்கவிட்டு, எண்ணெய் கரையேறாமல் மறித்தோம். எண்ணெயை உறிஞ்சப் பலர் தலைமுடியைக்கூட வெட்டிக் கொடுத்தார்கள்.

அந்த அக்கறை பொய்யில்லை. ஆனால் கப்பல் மோதினால்தான் கடல் கெடும் என்பதில்லை. சந்தைக்குப் போகும் நம் கூடையாலும் கெடுகிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஊரித் பிடிக்க மொரிசியஸில் 2016 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை தடை இருக்கிறது. தமிழ்நாட்டில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இருக்கிறதே, அதுபோல. இங்கே இதற்கு வழிகாட்டியது மொரிசியஸுக்கு உட்பட்ட ரோட்ரிக்ஸ் தீவு. அந்தத் தீவின் பரப்பு 108 சதுர கிலோமீட்டர்தான். அதைச் சுற்றியுள்ள கடற்கழியோ ஏறத்தாழ 240. நீர் வற்றும் நேரத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கையில் கம்பியோடு பாறைப் பொந்துகளைத் துழாவி ஊரித் எடுப்பவர்களில் பெண்கள் நிறையப் பேர். பிடிபடுவது ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, சிறுத்தும் போகவே, 2012-இல் இரண்டு மாதம் கடற்கழியை மூடிப் பார்த்தார்கள். மடகாஸ்கரின் அந்தவடோக்கா ஊரார் 2004-லேயே செய்து காட்டிய வழி இது. அந்த இரண்டு மாதமும் மீனவர்களுக்கு அரசு மாற்று வேலை கொடுத்தது. மறுபடி திறந்தபோது கிடைத்த ஊரித் முன்பைவிடப் பெரியவை.

இதில் அதிசயமில்லை. ஊரித்தின் ஆயுளே ஒன்றரை ஆண்டுக்குள்தான். இளசாக இருக்கும்போது ஓரிரு மாதம் விட்டாலே எடை இருமடங்காகிவிடும். தாய் ஊரித் பொந்துக்குள் முட்டைகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டு, இரை தேடக்கூடப் போகாமல், அவற்றின்மேல் நீரை ஊதிக்கொண்டே காவல் இருக்கும். குஞ்சு பொரித்ததும் செத்துவிடும். அந்த நேரத்தில் அதைக் குத்தி எடுத்தால் ஆயிரக்கணக்கான முட்டைகளும் அதோடு சரி. பொந்தைத் தேடி நடக்கும் கால்கள் பவளத்தை நொறுக்குவது தனிக் கணக்கு. வெப்ப ஆண்டுகளில் வெளுத்துப்போன பவளம் மேலும் மிதியைத் தாங்குமா? கடல் சூடாவதை நம் தீவு தனியாக நிறுத்த முடியாது. மிதிப்பதை நிறுத்தலாம்.

சட்டம் இருந்தும் தடைக்காலத்தில் ஊரித் கிடைக்கிறது. போன ஆண்டு செப்டம்பரில் ஓர் உணவகத்தில் ஊரித் சலாட் பரிமாறினார்கள். விசாரித்தால் "வெளிநாட்டுச் சரக்கு மேடம்" என்று பதில். இருக்கலாம். அப்படியானால் இறக்குமதிச் சீட்டைக் கேட்பவருக்குக் காட்டட்டும். தெருமுனையில் வாளியில் மூடி வைத்து விற்பவரிடம் எந்தச் சீட்டும் இருக்காது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அடுப்பெரிய வேண்டுமே! நாம் வாங்குவதால்தான் அவர் பிடிக்கிறார். தடைக்காலத்தில் மீனவர் குடும்பத்துக்கு வேலையோ உதவித்தொகையோ தாமதமில்லாமல் போய்ச் சேர வேண்டும். அதிகாரிகள் இதில் அலட்சியம் காட்டினால் சட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

நம்மவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். தடைக்காலம் கிட்டத்தட்ட ஆவணியும் புரட்டாசியும்தான். புரட்டாசியில் கோவிந்தன் விரதம் இருக்கும் வீடுகளில் மீன் சட்டியே அடுப்பேறாது. ஆக, மிச்சமிருப்பது ஆவணி ஒரு மாதம். அந்த ஒரு மாதம் ஊரித் வின்டாய் சாப்பிடாமல் நம்மால் இருக்க முடியாதா? மாமியார், மருமகள், பிள்ளைகள் எல்லாரும் கூடி ஒரே முடிவாக எடுத்துவிட்டால் போதும். விருந்தாளி வந்தாலும் கோழி வாங்குங்கள்.

நீங்களும் ஓர் உதவி செய்ய வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஆடி மாத இதழிலேயே, விரத நாட்கள் போடும் பக்கத்தில், அந்த ஆண்டின் தடைத் தேதிகளையும் சேர்த்து அச்சிடுங்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எங்கள் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். மற்ற ஊர்க் கோவில்களிலும் யாராவது முன்வந்தால் நல்லது.

இப்படிக்கு,
மாயேபூர் வாசகி ஒருவர்,
மொரிசியஸ்