உயரத்தை அளந்துவிட்டு வென்டிலேட்டரைத் தொடுங்கள்

நீலகிரி, பழனி மலை மருத்துவமனைகளில் மயக்கம் கொடுக்கும் மருத்துவ நண்பர்களுக்கு,

வணக்கம். நம் கேஸ் ஷீட்டில் எடைக்கு எதிரே எண் இருக்கும். உயரத்துக்கு எதிரே பெரும்பாலும் ஒரு கோடுதான். அந்தக் கோட்டைப் பற்றியே இம்மடல்.

சென்ற மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர் பித்தப்பை அறுவைக்கு வந்தார். எடை 70 கிலோ. மூச்சு கொடுக்கும் இயந்திரமான வென்டிலேட்டரில், முந்தைய நோயாளிக்கு ஒரு மூச்சுக்கு வைத்த 500 மி.லி. காற்றளவு அப்படியே நின்றது. கிலோவுக்கு 7 மி.லி. என்றால் சரிதானே என்று விட்டுவிட்டேன். போர்வைக்குள் அவர் பாதங்கள் மேசையின் விளிம்புக்கு வெகு முன்பே முடிந்துவிட்டதைப் பார்த்தபோதுதான் உறுத்தியது. அளந்தேன்: 145 செ.மீ.

உடம்பு பருத்தால் நுரையீரல் பெருப்பதில்லை. அதனால் மூச்சின் அளவை உயரத்திலிருந்து கணிக்கும் எடைக்கே வைக்க வேண்டும். அந்த எடைக்கு, செ.மீ.யில் உள்ள உயரத்தில் 152.4 கழித்து, 0.91ஆல் பெருக்கி, பெண்ணுக்கு 45.5, ஆணுக்கு 50 கூட்ட வேண்டும். அவருக்கு வந்தது 39 கிலோ கூட இல்லை. அதே 7 மி.லி. வீதம் 270 மி.லி. போதும்; நான் ஏற்றிக்கொண்டிருந்ததோ கிலோவுக்குக் கிட்டத்தட்ட 13 மி.லி.! உடனே அளவை இறக்கி, கார்பன் டை ஆக்சைடைப் பார்த்தபடி மூச்சு எண்ணிக்கையைக் கூட்டினேன். நல்லபடியாகவே வீடு போனார். அது என் சாமர்த்தியம் அல்ல.

2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், வயிற்று அறுவைக்கு வந்த 400 பேரில் ஒரு பாதிக்குப் பழைய முறையில், கணித்த எடையின் கிலோவுக்கு 10 முதல் 12 மி.லி. வீதம் காற்று போனது. மறுபாதிக்கு 6 முதல் 8, கூடவே மிதமான பீப் (மூச்சு வெளியேறிய பின்னும் நுரையீரலில் நிறுத்திவைக்கும் அழுத்தம்), அவ்வப்போது நுரையீரலை விரித்துவிடுதல். பெரிய சிக்கல்கள் முதல் அணியில் 27.5 சதவீதம், இரண்டாவதில் 10.5. இதற்காக பீப்பை ஏற்றிவைப்பதே புண்ணியம் என்று கிளம்பிவிட வேண்டாம்: அடுத்த ஆண்டே வந்த ஆய்வில் பீப்பை 12 செ.மீ. நீரழுத்தம் வரை ஏற்றியும் நுரையீரலுக்குப் பலன் இல்லை, இரத்த அழுத்தம்தான் விழுந்தது.

சமவெளிக்காரர்களுக்கு இல்லாத கவலை ஒன்றும் நமக்கு உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். அறுவைக்குப் பின் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப்போனால், வார்டில் வெறுங்காற்றைச் சுவாசிப்பவருக்கு இங்கே ஆக்சிஜன் கையிருப்பு குறைவு.

நான் கேட்பது தையல்காரர் வைத்திருக்கும் நாடா ஒன்று. நிற்க முடியாதவரை உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை படுக்கையிலேயே அளக்கலாம். எங்கள் அரங்கில் அது வென்டிலேட்டரின் கைப்பிடியிலேயே தொங்குகிறது. அதை விலக்காமல் திரையின் எண்களைப் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து ஒரு மயக்கவியல் மருத்துவர்