தியேட்டர் வாசலில் ஒரு குழந்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆறு வயதில் என் மகனுக்கு டான்சில் ஆபரேஷன். தியேட்டர் வாசல் வரை என் சேலைத் தலைப்பை விடவே இல்லை. பச்சை உடையும் முகக்கவசமுமாக நர்ஸ் வந்து கையை நீட்டியதும் அவன் அலறிய அலறல் இன்னும் என் காதில் நிற்கிறது. உள்ளே என்ன நடக்கும் என்று யாருமே அவனிடம் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

தென்கொரியாவில் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் பண்டாங் மருத்துவமனையில், 4 முதல் 10 வயது வரையுள்ள 69 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு மட்டும், அந்த இடத்திலேயே நிற்பதுபோல் வீடியோ காட்டும் விஆர் கண்ணாடி மாட்டி, 4 நிமிடம் ஆபரேஷன் தியேட்டரைச் சுற்றிக் காட்டினார்கள். கூட வந்து விளக்கியது அங்குள்ள பிள்ளைகளுக்குப் பழக்கமான கார்ட்டூன் பெங்குவின் பொரோரோ. பார்த்த குழந்தைகளுக்குப் பதற்றம் குறைந்தது, மயக்க மருந்து கொடுக்கும்போது முரண்டும் குறைந்தது. வெறும் நான்கு நிமிடம்!

நம் அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டிலும் இதைத் தொடங்க வேண்டும். அந்தந்த மருத்துவமனையின் தியேட்டரையே படமெடுத்து, தமிழில் பேசி, அட்மிட் ஆன அன்றே காட்டலாம். அப்புறம், பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கும் ஒருமுறை அந்தக் கண்ணாடியை மாட்டிவிடுங்கள்.

- ஒரு வாசகி, திருநெல்வேலி