ஹெவி மெட்டல் கேட்போர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் படி அனுப்பப்படும்.

ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை மாதம் ஒரு கேட்பு எனப் பன்னிரண்டு கூட்டங்கள் திட்டமிடப்பட்டன, பதினொன்று நடந்தன. நவம்பர் கூட்டம் ஃபெஞ்சல் புயல் மழையால் டிசம்பரோடு சேர்க்கப்பட்டது. அக்டோபர் 21 அன்று மறைந்த பால் டியானோவுக்கு அஞ்சலியாக, அவர் பாடிய அயர்ன் மெய்டன் ஆல்பம் 'கில்லர்ஸ்' (1981) முழுதாக ஒலிக்கப்பட்டது. செயற்குழு நான்கு முறை கூடியது. அறைக்கு வெள்ளையடிக்கப்பட்டது.

இனி, இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்ட, அதிகம் முணுமுணுக்கப்பட்ட சத்தச் சமன் விதி. எந்த ஆல்பத்துக்கும் மதிப்பெண் போடும் முன் அதன் சத்தத்தை மற்ற ஆல்பங்களின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே விதி. காரணம் எளியது. ஒரே பாட்டை ஒரு டெசிபல், ஒன்றரை டெசிபல் கூட்டிப் போட்டால், 'சத்தம் கூடியிருக்கிறது' என்று காதுக்குத் தோன்றாது. 'இது நன்றாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். இன்றைய மெட்டல் ஆல்பங்களில் பல, மாஸ்டரிங் என்னும் கடைசிக் கட்டத்தில் லிமிட்டர் (சத்தத்தின் உச்சங்களை அடக்கும் கருவி) வைத்துக் கூரைவரை நசுக்கப்பட்டு வருகின்றன. ஆம்ப்ளிஃபயரின் சத்தக் குமிழைத் தொடாமல் அவற்றையும் 1986-இல் வந்த ஒரு பதிவையும் அடுத்தடுத்துப் போட்டால் பழையது சோனியாகத் தெரியும். குமிழை ஏற்றிப் பழையதைச் சமமாக்கினால், ஸ்நேர் டிரம் அடியின் முனை எதில் உயிரோடு இருக்கிறது, எதில் மழுங்கிவிட்டது என்பது அப்போதுதான் கேட்கும்.

செய்முறையை மறுபடி பதிவு செய்கிறேன். பலர் கேட்டார்கள், கேட்டவர்களே அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. நடு நாற்காலியில் உட்கார்ந்தவரின் காது உயரத்தில் சத்தம் அளக்கும் மீட்டரை வைக்க வேண்டும். மீட்டரில் 'சி' எடை (அடித்தொனியையும் சேர்த்து அளப்பது), 'ஸ்லோ' (நிதானமாக மாறும் அளவு). ஆல்பத்தின் நடுவிலிருந்து, முழு வாத்தியமும் ஒலிக்கும் அரை நிமிடத்தை எடுக்க வேண்டும். முதல் பாட்டின் முன்னிசையை எடுத்தால் கணக்கு கெடும். சராசரி 80 டெசிபல் வரும்வரை குமிழைத் திருப்பி, அந்த இடத்தைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரீமிங் செயலியில் சத்தத்தைச் சமன் செய்யும் வசதியை அணைத்துவிட வேண்டும். அது ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே சமன் செய்தால், அடக்கமான பாட்டும் ஆவேசமான பாட்டும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். இசைக்குழு யோசித்து வைத்த ஏற்ற இறக்கம் காணாமல் போகும். ஒரு பாட்டின் வாலில் அடுத்ததை ஏற்றும் 'கிராஸ்ஃபேட்' வசதியும் கட்டாயம் அணைக்கப்பட வேண்டும்.

போனிலேயே இலவசச் செயலி இருக்கும்போது மீட்டர் எதற்கு என்று செயற்குழுவில் கேட்கப்பட்டது. போன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. அடித்தொனிகளை அது குறைத்தே காட்டும். கிட்டாரை ஐந்து சுருதி இறக்கி வாசிக்கும் இசையை அதைக் கொண்டு அளப்பது, கல் தட்டாத தராசில் புளி நிறுப்பது மாதிரி. 'இன்னும் ஏத்துங்க' என்று கடைசி வரிசையிலிருந்து குரல் கொடுப்பவர்களுக்கும் ஒரு கணக்கு: 'ஏ' எடையில் (அடித்தொனியைக் குறைத்து, காதுக்கேற்ப அளப்பது) 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 94-இல் ஒரு மணி நேரம்தான். ஓர் ஆல்பத்திலேயே அது தீர்ந்துவிடும்.

ஜூலையில் பெங்களூரு கிரிப்டோஸ் குழுவின் 'டெசிமேட்டர்' ஆல்பம் வாங்கிய மதிப்பெண் ரத்து செய்யப்பட்டதற்கு விளக்கம் தர வேண்டியிருக்கிறது. 'பேஸே இல்லை, குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை, மிக்ஸிங் மோசம்' என்று எல்லாத் தாளிலும் எழுதியிருந்தது. மிக்ஸிங்கில் குற்றமில்லை. வெள்ளையடித்த பின் ஒயர்களைத் திரும்ப மாட்டியபோது வலது ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டன. ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டிலும் பொதுவாக வரும் கிக் டிரம், பேஸ், குரல் மூன்றும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மெட்டலில் ரிதம் கிட்டாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடம் வலமாக வைப்பதால் அது மட்டும் தப்பிக்கும். அதனாலேயே கோளாறு கோளாறாகத் தெரியாமல் ரசனைக் குறைவாகத் தெரிகிறது. சோதிக்க எளிய வழி: இரண்டு ஸ்பீக்கரையும் நேருக்கு நேர் ஒட்டிவைத்து மோனோவில் ஒரு பேஸ் பகுதியைப் போடவும், ஒரு பக்க ஒயரை மாற்றிப் பார்க்கவும், எதில் அடித்தொனி கனக்கிறதோ அதுவே சரி. செப்டம்பரில் மறுகேட்பு நடந்தது. இரட்டைக் கிட்டார் ஓட்டமும் கரகரத்த குரலும் சேர்ந்த அந்தக் கலவை, 1998-இல் தொடங்கிய குழு இன்னும் துருப்பிடிக்கவில்லை என்று காட்டியது. முதல் கேட்பில் திட்டி எழுதியவர்களில் பாதிப்பேர் மறுகேட்புக்கு வரவில்லை. அவர்கள் கருத்து மட்டும் ஊரில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மற்ற ஆல்பங்கள். ஏப்ரலில் ஜூடாஸ் பிரீஸ்டின் 'இன்வின்சிபிள் ஷீல்டு' (மார்ச் 8, 2024). பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு அப்போது வயது 72; 'பேனிக் அட்டாக்' பாட்டின் உச்சக் குரலைக் கேட்டால் பிறப்புச் சான்றிதழைச் சரிபார்க்கத் தோன்றும். அந்தப் பாட்டின் தொடக்கம் அவர்களுடைய 1986 சின்தசைசர் காலத்தை நினைவுபடுத்துகிறது. பிறகு ஸ்காட் டிராவிஸின் டபுள் பேஸ் டிரம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஆண்டி ஸ்னீப்பின் தயாரிப்பு கத்திமுனை. குறை ஒன்றே: கிட்டார்கள் முன்வரிசை முழுவதையும் அடைத்துக்கொண்டதால் இயன் ஹில்லின் பேஸைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 'கிரவுன் ஆஃப் ஹார்ன்ஸ்' பாட்டை மென்மை என்று ஒதுக்கியவர்கள் இன்னொரு முறை கேட்கவும்.

மே: ஸ்லேயர் கிட்டார் கலைஞர் கெர்ரி கிங்கின் 'ஃப்ரம் ஹெல் ஐ ரைஸ்'. ஸ்லேயரின் 2015 ஆல்பத்தின் அடுத்த பாகம். டெத் ஏஞ்சல் பாடகர் மார்க் ஓசெகேடாவின் தொண்டைதான் புதிது.

அக்டோபர்: பிளட் இன்கன்டேஷனின் 'ஆப்சல்யூட் எல்ஸ்வேர்'. ஆண்டின் ஆல்பம் இதுவே என்பது செயலாளரின் கருத்து; தாள்களும் அப்படியே சொல்கின்றன. டென்வர் குழு, பெர்லின் ஹான்சா ஸ்டுடியோவில் பதிவு, இரண்டே இரண்டு பாடல்கள், ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்கு மேல், மும்மூன்று 'பலகை'களாக, அதாவது பகுதிகளாக, பிரித்தது. 'ஸ்டார்கேட்' பாட்டின் இரண்டாம் பலகையில் டான்ஜரின் டிரீம் குழுவின் தோர்ஸ்டன் குவெஷ்னிங் வருகிறார். டெத் மெட்டல் திடீரென்று ஒதுங்கி 1970களின் சின்தசைசர் வெளிக்கு வழிவிடுகிறது. அந்தத் தாவலை ஒட்டுப்போட்டது என்று சொல்ல முடியாது. போகும் முன்பே டிரம்ஸ் இளகத் தொடங்கிவிடுகிறது. திரும்பி வரும் ரிஃப்புக்கு (பாட்டைத் தாங்கும் கிட்டார் துணுக்குக்கு) அதனால்தான் அவ்வளவு எடை. கிராஸ்ஃபேட் விதி இந்த ஆல்பத்துக்காகவே எழுதப்பட்டதாக வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிடம் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர்களின் தாள்கள் எண்ணிக்கையில் சேர்க்கப்படவில்லை. அது பாரபட்சம் என்ற புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது.

டிசம்பர்: ஓப்பெத்தின் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' (நவம்பர் 22). முதல் ஏழு பாட்டுக்குப் பெயரில்லை, பத்தி எண்கள் மட்டும். முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஒரு செல்வந்தக் குடும்பத்தில் உயில் வாசிக்கப்படும் கதை. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் உயிலுக்குக் குரல் கொடுத்துப் புல்லாங்குழலும் ஊதுகிறார். 2008-க்குப் பிறகு பாடகர் மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட்டின் குரோல் (உறுமும் குரல்) திரும்பியிருக்கிறது, அதுவும் கதைக்குத் தேவையான இடத்தில் மட்டும். இறந்த தகப்பனின் கோபம் அதில் வருகிறது. சும்மா பழைய ரசிகருக்குப் போட்ட பிச்சை இல்லை. குரோல் போனதும் ஓப்பெத் போச்சு என்று 2011-இலிருந்து மூக்கைச் சிந்திவந்த உறுப்பினர்கள், குரோல் திரும்பிய கூட்டத்துக்கு வரவில்லை. மார்கழி, கச்சேரி சீசன் என்று காரணம் சொன்னார்கள். சபா கேன்டீன் என்று சொல்லியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும்.

மார்ச்: டெல்லி பிளடிவுட்டின் 'நு டெல்லி'. எட்டுப் பாட்டு. பஞ்சாபி டோல் மேளத்தின் கனத்த பக்கமும் கிக் டிரம்மும் ஒரே அடித்தொனிக்கு அடித்துக்கொள்ளும் என்று பயந்தோம். கிட்டாரை நிறுத்தி நிறுத்தி வாசித்து இடைவெளி விட்டதால் தப்பித்தார்கள். ஜப்பானின் பேபிமெட்டல் குழு சேர்ந்த 'பேகௌஃப்' அதிகம் பேசப்பட்டாலும் தாளிப்பைப் பற்றிய 'தட்கா'தான் கூட்டத்தை எழுப்பியது.

மாதச் சந்தா ஐம்பது ரூபாய். தெருமுனைக் கடையில் இரண்டு டீ, இரண்டு பஜ்ஜி. ஆண்டு முழுவதும் தவறாமல் கட்டியவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். அவர்களில் இருவர் ஓய்வூதியக்காரர்கள். பெயர்களைப் படிக்க வேண்டாமென்று தலைவர் சொன்னதால் படிக்கவில்லை. பட்டியல் சட்டைப்பையில் இருக்கிறது.

வரவு செலவு: சந்தா, நன்கொடை, பழைய பாக்கியில் வந்தது எல்லாம் சேர்ந்து அறை வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் ஏறக்குறையச் சரியாகப் போனது. மீட்டர், ஒயர், வெள்ளையடிப்பு ஆகியவற்றால் சிறு பற்றாக்குறை. அது தற்காலிகமாகச் சமாளிக்கப்பட்டுள்ளது. எப்படி என்று விரிவாகக் கேட்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைக் கேட்கலாம்.

அறை தந்த வீட்டு உரிமையாளருக்கும், ஞாயிறு பிற்பகல்களைப் பொறுத்துக்கொண்ட கீழ்வீட்டாருக்கும், பொருளாளருக்கும், தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு. 2025 ஏப்ரல் 25 அன்று கோஸ்ட் குழுவின் புதிய ஆல்பம் வருகிறது. மே 9 அன்று ஸ்லீப் டோக்கன். ஜூலை 5 அன்று பிளாக் சபாத் தங்கள் ஊரான பர்மிங்காமில் கடைசியாக மேடையேறுவதால், அந்த வாரம் அவர்களுடைய 1970 முதல் ஆல்பத்தை முழுதாகக் கேட்கத் திட்டம். ஆனால் இடது ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் நம் ஊர் ஈரப்பதத்தில் பொடிந்துவிட்டது, அடித்தொனியில் படபடக்கிறது. புது வளையம் ஒட்டினால் போதும், ஸ்பீக்கர் மாற்ற வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் புதுப்பித்தால் இரண்டும் ஒத்துப்போகாது என்பதால் இரண்டுக்கும் சேர்த்துச் செய்ய வேண்டும். அதற்குப் பணம் இல்லை.

செயலாளர் பொறுப்பை யாரேனும் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியுடன் ஒப்படைக்கப்படும். அறைச் சாவி, மீட்டர், மதிப்பெண் தாள்கள் மூன்றும் மேசைமேல் இருக்கின்றன. ரசீதுப் புத்தகமும் பேனாவும் பக்கத்திலேயே.