செக்குபந்தி இல்லாத கிரயம்

அன்புள்ள மலருக்கு,

நீ அனுப்பிய நியூ ஆர்லியன்ஸ் கபில்டோ கட்டடத்துப் படங்கள் வந்தன. மாப்பிள்ளை கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிகிறார், கேட்டதாகச் சொல். அங்கேதான் 1803 டிசம்பர் 20 அன்று லூசியானாவைப் பிரான்ஸ் அமெரிக்காவிடம் ஒப்படைத்தது என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷம் சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் கிரயப் பத்திரம் எழுதியவனிடம் இதைச் சொன்னால் சும்மா இருப்பானா? ஒரு வாரமாக இதே படிப்புதான். உங்கம்மா திட்டுகிறாள்.

கிரயத் தொகை 1.5 கோடி டாலர், நிலம் சுமார் 53 கோடி ஏக்கர் (இன்றைய லூசியானா மாநிலத்தைவிட எவ்வளவோ பெரியது). ஏக்கருக்கு மூன்று சென்ட்கூட விழவில்லை. ஆனாலும் என்னிடம் வந்திருந்தால் எழுத மாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

விற்றவரின் உரிமையைப் பார். 1800-இல் ரகசிய ஒப்பந்தம் போட்டு ஸ்பெயினிடமிருந்து நெப்போலியன் வாங்கிய நிலம் அது. வேறு நாட்டுக்குக் கைமாற்ற மாட்டோம் என்று பிரான்ஸ் வாக்கும் கொடுத்திருந்தது. விற்றபோது சுவாதீனம்கூட ஸ்பெயின்காரர்களிடம்தான் இருந்தது. நவம்பர் 30-இல் அவர்களிடம் வாங்கி, இருபதே நாளில் அடுத்த கைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பாரிஸில் பேரம் பேசிய அமெரிக்கத் தூதர்கள் லிவிங்ஸ்டனுக்கும் மன்றோவுக்கும் இவ்வளவு பெரிய பவர் கிடையாது. மிசிசிப்பி ஆற்றின் வழியாக வரும் அமெரிக்கச் சரக்கை இறக்கிவைக்க நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம் வேண்டும். 1802 அக்டோபரில் ஸ்பெயின் அதிகாரி அந்த வசதியை நிறுத்திவிட்டார். அதனால் ஊரையும் பக்கத்துப் புளோரிடாவையும் கேட்டுப் பார்க்கத்தான் அனுப்பினார்கள். நாடாளுமன்றம் ஒதுக்கியது 20 லட்சம் டாலர். 1803 ஏப்ரல் 11 அன்று பிரெஞ்சு அமைச்சர் தாலேரான், மொத்தத்துக்கும் என்ன தருவீர்கள் என்று கேட்டார். வாஷிங்டனுக்கு எழுதிக் கேட்கலாம் என்றால் கப்பலில் பதில் வர மாதக்கணக்காகும். இருவரும் துணிந்து ஏப்ரல் 30 தேதியிட்டு முடித்துவிட்டார்கள். அரசியல் சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று ஜனாதிபதி ஜெபர்சனுக்கே சந்தேகம். திருத்தம்கூட எழுதிவைத்தார். அதற்குள் நெப்போலியன் மனம் மாறிவிடுவாரோ என்று பயந்து அதை ஓரம் வைத்தார். செனட்டில் 24-க்கு 7 ஓட்டில் ஒப்புதல் ஆனது.

விற்பவன் அவசரப்பட்டால் ஏன் என்று பார்க்க வேண்டும். பிரான்ஸின் கரீபியக் காலனியான ஹெய்ட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். அடக்கப் போன படை சண்டையிலும் மஞ்சள் காய்ச்சலிலும் கரைந்தது. தளபதியாகப் போன நெப்போலியனின் தங்கை கணவர் லெக்லேரும் அங்கேயே இறந்தார். சர்க்கரை விளையும் அந்தக் காலனி போனபின், அதற்கு உணவு அனுப்ப வைத்திருந்த லூசியானாவை வைத்து என்ன செய்வது? இங்கிலாந்தோடு போர் வேறு வரப்போகிறது, ரொக்கம் வேண்டும். ஆக, இந்தச் சல்லிசு விலைக்கு ஹெய்ட்டிக்காரர்களும் காரணம். அவர்களுக்கு யார் நன்றி சொன்னார்கள்?

பணம் வந்த விதம் கேட்டால் சிரிப்பாய். அமெரிக்கா கொடுத்தது 6 சதவீத வட்டிக் கடன் பத்திரம். ஆம்ஸ்டர்டாமின் ஹோப், லண்டனின் பேரிங் நிறுவனங்கள் அதில் கழிவு பிடித்துக்கொண்டு நெப்போலியனுக்கு ரொக்கம் கொடுத்தன. ஆமாம், லண்டன்தான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பொறுக்காதது செக்குபந்தி, அதாவது நாலு பக்க எல்லை விவரம், இல்லாததுதான். நாலு சென்ட் மனைக்கே இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் வாய்க்காலுக்குத் தெற்கு என்று எழுதுகிறோம். எல்லை எது என்று லிவிங்ஸ்டன் கேட்டதற்கு, நல்ல பேரம்தான் முடித்திருக்கிறீர்கள், இருப்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி தாலேரான் சொல்லிவிட்டார். மேற்கு எல்லையை ஸ்பெயினோடு பேசித் தீர்க்க 1819 ஆனது.

அங்கே குடியிருந்த ஓசேஜ், டகோட்டா பழங்குடி மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு கூட்டமாகப் போய் எழுதி வாங்கினார்கள். இன்றைய மிசௌரியின் பெரும்பகுதியை ஓசேஜ் மக்களிடம் வாங்கியது 1808-இல். ஒரே நிலத்துக்கு இரண்டு கிரயம்.

சரி, நம் மனை விஷயம். புரோக்கர் இந்த வாரமே அட்வான்ஸ் போடச் சொல்கிறார். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. ஆனால் விற்பவரின் அப்பா உயில் எழுதாமல் இறந்தவர், ஒரு மகளும் உண்டு. விற்பனைப் பேச்சில் அந்த அம்மாள் பெயரே இல்லை. "அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க சார்" என்கிறார் புரோக்கர். மண்ணச்சநல்லூரில் இருக்கிறாராம். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் போய் நேரில் பார்த்துவிட்டு வருகிறேன். அதுவரை பணம் அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா