தாத்தாவுக்கு, யார்க் போய்வந்த இரவில்

லீட்ஸ், இங்கிலாந்து,
மார்ச் 30

அன்புள்ள தாத்தாவுக்கு,

பேத்தி கலை எழுதுவது. போனில் பேசினால் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது. மீதியைத் திவ்யா கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். ஆபரேஷன் ஆன கண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் படிக்க வேண்டாம். திவ்யா படிக்கட்டும், நடுவில் எதையும் விட்டுவிடாமல்.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர் கொஞ்சம் விட்டிருக்கிறது. ஐந்து பேருக்கு ஒரே சமையலறை என்பதால் காலை ஆறு மணிக்கே எழுந்து குழம்பு வைத்துவிடுகிறேன். இலங்கைத் தமிழர் ஒருவர் கடையில் கறிவேப்பிலை கிடைக்கிறது. மீன்தான் சரியில்லை. காசிமேட்டிலிருந்து அம்மா கொண்டுவரும் கானாங்கெளுத்தியை நினைத்தாலே நாக்கில் நீர் ஊறுகிறது. படிப்பு நடக்கும் மாதங்களில் மாணவர்கள் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அதில் வருவதை வைத்துச் சமாளித்துவிடுகிறேன். பணம் அனுப்ப வேண்டாம் என்று அப்பாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் கேட்கமாட்டார்.

இன்று சனிக்கிழமை, யார்க் என்ற ஊருக்குப் போய்வந்தேன். இங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. என் வயதுக்காரர்களுக்கு ஒரு ரயில் கார்டு தருகிறார்கள், டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டேன். கூட வருவதாகச் சொன்ன தோழிக்குக் காய்ச்சல், அதனால் தனியாகத்தான் போனேன். இறங்கியதும் நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. ஸ்டேஷன் அப்படி. பிளாட்பாரமே வளைந்து போகிறது, அதோடு சேர்ந்து இரும்புக் கூரையும் வளைந்து போகிறது. கட்டியது 1877-ல். அப்படியென்றால் நம் ராயபுரம் ஸ்டேஷன் இதற்கு 21 வருஷம் மூத்தது தாத்தா. 1856-ல் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் போன கதையைச் சின்ன வயதில் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! இங்கே ஸ்டேஷனையே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ராயபுரத்தில் அந்தத் தூண்களை ஒரு நாளாவது நின்று பார்த்தேனா என்று யோசித்தேன். இல்லை. பீச் வண்டியைப் பிடிக்க ஓடியதுதான் ஞாபகம் இருக்கிறது.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கோட்டைச் சுவர். கி.பி. 71-ல் ரோமானியப் படை இங்கே முகாம் போட்டதாம். கான்ஸ்டன்டைனை 306-ல் ரோமப் பேரரசராக அறிவித்ததும் இந்த ஊரில்தான். அவர்களுக்குப் பிறகு வைக்கிங்குகள் வந்து பிடித்தார்கள். இப்போது நிற்கும் கல் சுவரில் பெரும்பகுதி 13, 14-ம் நூற்றாண்டுகளில் எழுப்பியது. சுற்றளவு 3.4 கிலோமீட்டர். படியேறி மேலே போய் நடக்கலாம், காசு கிடையாது. பல இடங்களில் உள்பக்கம் கைப்பிடியே இல்லை, பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். சுவருக்கு வெளியே மண்மேடு முழுக்க மஞ்சள் மஞ்சளாக டாஃபடில் பூக்கள்.

படிப்பு சிவில் ஆயிற்றே, நான் குனிந்து குனிந்து கல்லையும் சுண்ணாம்பையும் பார்த்தபடியே நடந்தேன். 1800 வாக்கில் இந்தச் சுவரை இடித்துவிட வேண்டும் என்று ஊர் மாநகராட்சியே கிளம்பியிருக்கிறது. வாசல்களுக்கு முன்னால் நீட்டிக் கட்டியிருந்த காவல் கட்டடங்களை இடித்தும்விட்டார்கள், ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. வில்லியம் எட்டி என்ற ஓவியர் இந்த ஊரில் பிறந்தவர். அவரும் இன்னும் பலரும் கூடாது என்று வாதாடித்தான் மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ரயில் வந்தபோது தண்டவாளத்துக்காகச் சுவரில் வளைவு வளைவாக வழி வெட்டினார்கள், ஆனால் மேலே நடக்கும் பாதையை அறுக்கவில்லை.

அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும்போது மாடிப் பூங்கா ஞாபகம் வந்துவிட்டது. இப்ராகிம் சாகிப் தெருவில், நீங்கள் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படியேற்றிவிடுவீர்களே, அதுதான். அது சாதாரண மேடு இல்லை, கோட்டைச் சுவர் என்று அப்போதே சொன்னீர்கள். நான் சறுக்கி விளையாடுவதில் இருந்தேன். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து, நம் ஜனங்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு பயந்துபோய்க் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எழுப்பிய சுவர். அதற்கான செலவை ஜனங்கள் தலையில் வரியாகக் கட்டப் பார்த்தார்கள். வரி வசூலாகவே இல்லை என்பார்கள், ஆனால் வால்டாக்ஸ் ரோடு, அதாவது சுவர் வரி ரோடு என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. சென்ட்ரலுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்கிறோம், சுவர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. சுவரில் மிஞ்சியது நம் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கிறது. யார்க்கில் உட்கார்ந்துகொண்டு இதை நினைத்தபோது தொண்டையை அடைத்தது தாத்தா. நம் பேட்டையைப் பழைய ஊர் என்று யாரும் பேசி நான் கேட்டதே இல்லை. அங்கே போகாதே, அழுக்கு, ரவுடித்தனம் என்பார்கள். காலேஜில்கூட நான் ராயபுரம் என்றால் முகம் ஒரு மாதிரி போகும். நம் ஊருக்கும் இத்தனை வயசு உண்டு என்று அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் மின்ஸ்டர் என்ற பெரிய தேவாலயத்துக்குப் போனேன். கிழக்குப் பக்கத்துக் கண்ணாடி ஜன்னல் டென்னிஸ் கோர்ட் அளவு இருக்கிறது. ஜான் தோர்ன்டன் என்ற கைவினைஞர் 1405-ல் தொடங்கி 1408-ல் முடித்திருக்கிறார், கூலி 56 பவுன். 1984-ல் தீப்பிடித்துத் தென்பக்கக் கூரை எரிந்து விழுந்ததாம். அங்கிருக்கும் வட்டமான ரோஜா ஜன்னலின் கண்ணாடி சூட்டில் ஆயிரக்கணக்கில் விரிசல் விட்டும், உதிராமல் நின்றிருக்கிறது. ஓரமாக மெழுகுவத்தி ஏற்றும் இடம் இருந்தது. பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்கு ஆயா என்னைக் கூட்டிப்போய் ஏற்றச் சொல்வாளே, அதை நினைத்து ஆயாவுக்காக ஒன்று ஏற்றினேன்.

ஷாம்பிள்ஸ் என்று பழைய கசாப்புக் கடைத் தெரு ஒன்று, வீடுகள் மேலே சாய்ந்து சாய்ந்து நிற்கும். கூட்டம் தாங்கவில்லை, வந்துவிட்டேன். திவ்யா, உனக்கு ஒரு சேதி: கிட்காட் பிறந்தது இந்த ஊரில்தான், 1935-ல்.

கிளிஃபோர்ட்ஸ் டவர் என்ற கோபுரம் நிற்கும் மேட்டின் அடியில் கொஞ்ச நேரம் நின்றேன். 1190 மார்ச்சில் யூதர்கள் சுமார் 150 பேர், கொல்ல வந்த கும்பலுக்குப் பயந்து அந்த மேட்டிலிருந்த மரக்கோட்டைக்குள் ஒளிந்து, அங்கேயே மாண்டிருக்கிறார்கள். குழந்தைகளும் அவர்களில் உண்டு. அங்கேயும் டாஃபடில் பூத்திருக்கிறது. அந்தப் பூவுக்கு ஆறு இதழ், அவர்கள் நட்சத்திரத்துக்கு ஆறு முனை. அவர்கள் ஞாபகமாக வைத்தார்களாம். எனக்கு அங்கே பேச்சே வரவில்லை.

கடைசியில் ரயில்வே மியூசியம். இதுவும் இலவசம். உங்களுக்காகவே இரண்டு மணி நேரம் இருந்தேன். மல்லார்ட் என்று ஒரு கரி இன்ஜின், நீல நிறம், முன்பக்கம் மீன் தலை மாதிரி வழுவழுவென்று சரிந்திருக்கும். சக்கரம் 6 அடி 8 அங்குலம், பக்கத்தில் நின்றால் என் தலைக்கு மேலே போகிறது. 1938 ஜூலை 3-ல் இறக்கத்தில் மணிக்கு 203 கிலோமீட்டர் ஓடியது. இன்றுவரை எந்தக் கரி இன்ஜினும் அதைத் தாண்டவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தில் பேரிங் சூடேறிப் போய்விட்டதாம், அதற்கு மேல் இழுக்க முடியாமல் வழியிலேயே கழற்றிவிட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் உங்களைத்தான் நினைத்தேன். ரிக்கார்டை விட்டுவிட்டு, "பேரிங் ஏன் போச்சு?" என்றுதான் முதலில் கேட்பீர்கள்.

ஜப்பானின் புல்லட் ரயில் பெட்டி ஒன்றும் இருக்கிறது, உள்ளே போய் உட்காரலாம். நான் உட்காரவில்லை. வெளியே நின்று பக்கவாட்டில் தகடு சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தேன். 34 வருஷம் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ஷெல் டிவிஷனில் நீங்கள் வைத்த வெல்டிங் எத்தனை ஆயிரம் பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது! அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உங்கள் பெயரை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். என் தாத்தா ரயில் பெட்டி செய்தவர் என்று சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி என் கையைக் குலுக்கினார்.

மல்லார்ட் படம் போட்ட அட்டை ஒன்று வாங்கி உள்ளே வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். வெயில் தாழ்ந்ததும் ஒரு நாள் திவ்யாவைக் கூட்டிக்கொண்டு மாடிப் பூங்கா வரை மெதுவாகப் போய்வாருங்கள். திறந்திருந்தால், படி ஏற முடியாவிட்டாலும் கீழேயே உட்காருங்கள், திவ்யா மட்டும் மேலே போகட்டும். சுவர் வெளியே தெரியும் இடத்தில் கல்லா செங்கல்லா, பூச்சு எப்படி இருக்கிறது என்று கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும், உயரம் எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டும்.

கண் சொட்டு மருந்தை மறக்காதீர்கள்.

உங்கள் பேத்தி,
கலை