வாகைக்குளத்தை நம்பி வீடு கட்டாதே

மக்கா செல்வா,

தோவாளையில் வீடு கட்டப் போவதாக நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். போனில் பதில் சொன்னால் நடுவில் புகுந்து நீ பேச ஆரம்பிப்பாய், நான் சொல்ல வந்தது அந்தரத்தில் நிற்கும். நாற்பது வருஷமாக அதுதானே நடக்கிறது. கடிதம் என்றால் முடியும் வரை நீ வாயைத் திறக்க வழியில்லை.

இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரிக்கு முட்டுவலி, எனக்குச் சர்க்கரை, புதிதாக ஒன்றுமில்லை. நம்ம கூட்டாளி பப்படம் ரிட்டயர் ஆனதும் கோழி வளர்க்கத் தொடங்கினான். அதைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். இப்போது வேண்டாம்.

விஷயம் இதுதான். மண்டையன் மகள் கல்யாணத்துக்கு வாகைக்குளத்திலிருந்து, அதுதான் தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து, பெங்களூருக்கு விமான டிக்கெட் எடுத்திருந்தேன் அல்லவா? அந்த விமானம் இனி இல்லை. அன்றைக்கு மட்டும் ரத்து என்றால் சரி என்று விட்டிருப்பேன். அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, உனக்கே தெரியும், தண்ணீருக்கும் காசு கேட்கிற வகை. 'செயல்பாட்டுக் காரணங்களால்' என்று ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் 5,000 ரூபாயிலிருந்து 10,000 வரை நஷ்டஈடு என்று விதி இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டால் அதுவும் கிடையாது. எனக்கு மிகச் சரியாக அந்த இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் செய்தி வந்தது. விதியைக் கரைத்துக் குடித்தவர்கள்! வாடகைக் கார் ஓட்டுகிற தம்பிக்கு எனக்கு முன்பே தெரியும். "அந்த சர்வீஸ் போச்சு அண்ணாச்சி, நாங்க வேற சவாரி பார்த்தாச்சு" என்கிறான்.

எனக்கென்ன, ரயிலில் வந்துவிடுவேன். என் கவலை உன் வீட்டைப் பற்றி.

இரணியலில் உன் அப்பாவின் மனை சும்மா கிடக்கிறது. அதை விட்டுவிட்டு நீ தோவாளைப் பக்கம் இடம் பார்த்ததற்கு ஒரே காரணம் இந்த விமானம். ஆரல்வாய்மொழி தாண்டினால் நாலுவழிச் சாலை, நாங்குநேரி டோல்கேட், திருநெல்வேலியைச் சுற்றிக்கொண்டு வாகைக்குளம், ஒன்றரை மணி நேரம் என்று வரைபடம் வேறு போட்டு அனுப்பினாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரில் ஏறி ராத்திரி வீட்டில் சாப்பாடு, திங்கள் காலை திரும்பவும் ஆபீஸ். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 78 பேர் உட்காருகிற ஒரு விமானத்தின் நேரத்தை வைத்து எந்த ஊரில் வீடு கட்டுவது என்று முடிவு செய்த ஆள் நீ ஒருவன்தான் இருப்பாய். அதோடு அந்தப் பக்கத்துக் காற்று உனக்குத் தெரியும். முப்பந்தலில் காற்றாலைகளை அழகுக்கா நட்டு வைத்திருக்கிறார்கள்?

நீ உடனே புது டெர்மினலைச் சொல்வாய். தெரியும். 2025 ஜூலை 26-ஆம் தேதி பிரதமர் வந்து திறந்தார். சுமார் 450 கோடி ரூபாய். ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டர் ஆகியிருக்கிறது, பெரிய ஜெட் விமானமே இறங்கலாம். வருஷத்துக்கு 20 லட்சம் பேர் வந்து போகிற அளவுக்குக் கட்டடம். நானும் உள்ளே போய்ப் பார்த்து வாயைப் பிளந்தவன்தான். ஆனால் மக்கா, கட்டடமும் ஓடுபாதையும் அரசாங்கத்துடையவை, அங்கேயேதான் கிடக்கும். விமானம் கம்பெனிக்காரனுடையது. எங்கே காசு அதிகமோ அங்கே நாளைக் காலையே பறந்துவிடும்.

எனக்குக் கோபம் வந்தால் படிக்கிற புத்தி உண்டே, இதையும் தோண்டிப் பார்த்தேன். அந்தச் சின்ன விமானத்துக்கு ஏன் 78 சீட் என்று யோசித்திருக்கிறாயா? 80 சீட்டுக்குக் குறைவாக இருந்தால் உள்நாட்டு சர்வீஸுக்கு இறங்குகட்டணம் கிடையாது. 40 டன்னுக்குக் குறைந்த விமானம் என்றால் எரிபொருளுக்கு விற்பனை வரியும் குறைவுதான். பெரிய விமானத்துக்கு மாநில வாட் வரி தனி, விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. இவ்வளவு சலுகை இருந்தும் ஏன் கட்டுப்படியாகவில்லை? வாகைக்குளத்தில் இடம் தாராளமாக இருக்கிறது, நெருக்கடி எல்லாம் அந்தப் பக்கம், பெங்களூரிலும் சென்னையிலும். காலையும் மாலையும் அங்கே இறங்கி ஏற நேரம் ஒதுக்கி வாங்குவதே பெரும்பாடு. அந்த நேரத்தில் 78 பேரை ஏற்றுவதா, 180 பேரை ஏற்றி டெல்லிக்கு அனுப்புவதா? கம்பெனிக்காரன் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்? அதைத்தான் அவனும் செய்தான். கணக்கு பார்த்தால் அவனைத் திட்டக்கூட முடியவில்லை, அதில்தான் எனக்கு எரிச்சல்.

வருஷத்துக்கு இரண்டு அட்டவணை. மார்ச் கடைசியில் ஒன்று மாறும், அக்டோபர் கடைசியில் இன்னொன்று. நிறுத்துகிறோம் என்று யாரும் தண்டோரா போடுவதில்லை. புது அட்டவணையில் அந்த வரி இருக்காது, அவ்வளவுதான். நாகர்கோவில் வண்டி ஒன்றை ரயில்வே நிறுத்தட்டும் பார்ப்போம். எம்.பி. கேள்வி கேட்பார், கட்சிக்காரர்கள் ஸ்டேஷன் வாசலில் உட்காருவார்கள், பப்படம்கூடக் கோழிகளை விட்டுவிட்டு வந்து கோஷம் போடுவான். விமானத்துக்கு யார் உட்காருவார்கள்?

இது புதுக்கதையும் இல்லை. 2006-ல் ஏர் டெக்கான் வாகைக்குளத்துக்கு வந்தபோது நீ என்ன ஆட்டம் ஆடினாய்! ஒரு ரூபாய் டிக்கெட் என்று கிளப்பிவிட்டு, கடைசியில் உனக்குக் கிடைத்த விலை எவ்வளவு என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. அந்தக் கம்பெனி கிங்ஃபிஷரிடம் போனது, கிங்ஃபிஷர் 2012-ல் படுத்தது. சேலத்தைப் பார். சின்ன ஊர்களுக்கு விமானம் விட அரசாங்கம் மானியம் கொடுக்கிற உடான் திட்டத்தில் 2018-ல் சென்னைக்கு விமானம் விட்டார்கள், 2021-ல் நின்றது. மறுபடி ஆரம்பிக்க 2023 அக்டோபர் ஆனது. அந்தத் திட்டத்தை அரசாங்கக் கணக்கைப் பார்க்கிற சிஏஜி தணிக்கை செய்த அறிக்கை 2023-ல் வந்தது. முதல் மூன்று சுற்றுகளில் கொடுத்த வழித்தடம் 774. அதில் ஓட ஆரம்பித்தது 371. மானியம் கிடைக்கிற மூன்று வருஷத்தை முழுதாகத் தாண்டியது 112. அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது, அந்த மார்ச் மாதக் கணக்குப்படி, 54. மானியம் கொடுத்தே இந்தக் கதி. வாகைக்குளம் சர்வீஸுக்கு அந்தத் தாங்கலும் இல்லை.

திருவனந்தபுரம் இருக்கிறதே என்பாய். இருக்கிறது, யார் இல்லை என்றது? தோவாளையில் வீட்டைக் கட்டிவிட்டு அங்கே போக வேண்டுமென்றால் மாவட்டத்தை நீளவாக்கில் அளக்க வேண்டும். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்தும் களியக்காவிளையில் நிற்கத்தான் வேண்டும், அதைத் தாண்டினால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம். அந்த நாலுவழிச் சாலை நம் பேரப்பிள்ளைகள் காலத்திலாவது முடியட்டும். போய்ச் சேர்ந்தால் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் வேறு, 2024 ஜூலையில் ஏறுவதற்கு 770 ரூபாய், இறங்குவதற்கு 330 என்று வைத்தார்கள், அதுவும் டிக்கெட்டுக்குள்ளேயே. வருஷத்தில் இரண்டு நாள் பத்மநாபசாமி ஆறாட்டு ஊர்வலம் கடந்து போக ஓடுபாதையையே சில மணி நேரம் மூடிவிடுவார்கள். அதில் எனக்குக் குறையில்லை, பார்க்க வேண்டிய காட்சி. நவராத்திரிக்கு சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசாமியும் பத்மநாபபுரத்து சரஸ்வதியும் ஊர்வலமாக இதே சாலை வழியாகத்தான் திருவனந்தபுரம் போகிறார்கள். சில வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் உன் காரை முந்திவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, கிண்டலை விடு. நான் எழுத உட்கார்ந்ததே அப்பாவுக்காக.

போன வாரம் இரணியலில் அப்பாவைப் பார்த்தேன். சாயாக்கடையில் நாலு பேர் கேட்கச் சொல்கிறார், "இனி வெள்ளிக்கிழமை தோறும் அவன் வந்திருவான், பிளேன்ல." என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வாகைக்குளத்திலிருந்து ராத்திரி வண்டி கிடைக்குமா, தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிற டிரைவராக இருந்தால் என்ன செய்வது என்றெல்லாம் கேட்டார். தோவாளை வீட்டுக்குத் தானும் வருவதாகச் சொல்கிறார். ஆனால் அம்மா நட்ட பலா இந்த வருஷம்தான் நன்றாகக் காய்த்திருக்கிறது என்பதை என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மனுஷர் அங்கிருந்து கிளம்ப ஆசைப்படவில்லை செல்வா. நீ வாரம் தோறும் வருவாய் என்பதற்காகத் தலையாட்டுகிறார். எண்பத்தி இரண்டு வயதில் ஒரு கம்பெனியின் அட்டவணையை நம்பி ஊர் மாறச் சொல்லாதே. விமானம் நின்ற செய்தி அவருக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லவில்லை. நீதான் சொல்ல வேண்டும், அதுவும் போனில் வேண்டாம்.

இரணியலிலேயே கட்டு. பெங்களூரில் சாயங்காலம் புறப்படுகிற நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் தினமும் இருக்கிறது, சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். ஞாயிறு சாயங்காலம் ஏறினால் திங்கள் காலை பெங்களூர். ஆபீஸுக்குக் கொஞ்சம் தாமதமாகும், திட்டினால் வாங்கிக்கொள், பழக்கம்தானே. பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வர ஆசையிருந்தால் ஐலண்ட் எக்ஸ்பிரஸ், அது இரணியலிலேயே நிற்கும். இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, வெள்ளிக்கிழமை டிக்கெட்டுக்கு அன்று காலையே கையை வைக்க வேண்டும். வாரம் தோறும் முடியாது, அது எனக்கும் தெரியும். மாதம் இரண்டு முறை வந்தால் போதும். அப்பா கேட்பது அதற்கும் குறைவுதான்.

அப்புறம், தோவாளை இடத்துக்காரருக்கு அச்சாரம் கொடுத்துவிட்டாயா? கொடுக்கவில்லை என்றால் நிறுத்து. கொடுத்திருந்தால் எவ்வளவு, எழுத்து ஏதாவது உண்டா என்று உடனே சொல். பப்படத்தின் மச்சினன் பத்திரம் எழுதுகிற ஆள், பேசிப் பார்க்கலாம். அந்த இடத்துக்காரர் என்னைப் பார்க்கிற இடத்திலெல்லாம் உன்னைக் கேட்கிறார். நேற்று வடசேரிச் சந்தையில் மீன் பையோடு என்னை மடக்கிவிட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல், நீ பெங்களூரில் காய்ச்சலாகக் கிடக்கிறாய் என்று சொல்லியிருக்கிறேன். அவர் போன் செய்தால் கொஞ்சம் இருமிக்கொள்.

அன்புடன்,
மணி
திங்கள்நகர்