தத்துவம் படிக்கச் சேர்ந்திருக்கும் சேதுவுக்கு

கும்பகோணம்
ஞாயிறு மாலை

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குத் தஞ்சாவூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. பேரனை எங்களிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்வருகிறாள், வீடு கலகலவென்று இருக்கிறது. இவளுக்கு மூட்டுவலி இப்போது பரவாயில்லை. ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

நீ அஞ்சல்வழியில் எம்.ஏ. தத்துவம் சேர்ந்திருப்பதைப் படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "இந்த வயதுக்கு மேல் இதைப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று தங்கச்சி கேட்டதாகவும், உனக்குப் பதில் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். தங்கச்சி கேட்டது சரியான கேள்வி. படிக்கிற ஒவ்வொருவரும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் மணிமேகலை என்றால் நமக்கு அமுதசுரபியும் ஆபுத்திரனும்தான். கடைசி நான்கு காதைகள் பக்கம் யாரும் நம்மைக் கூட்டிப்போகவில்லை. தத்துவம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. 27-ஆவது காதையில் அவள் வஞ்சி நகரத்தில் ஆண் துறவி வேடத்தில் போய், சைவர், வைணவர், வேதவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று பல சமயத்தாரிடமும் தத்துவக்காரரிடமும் ஒவ்வொருவராகப் போய் "உங்கள் கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். கண்ணால் காண்பது மட்டுமே உண்மை என்கிற பூதவாதியிடம் மட்டும் கொஞ்சம் மல்லுக்கு நிற்கிறாள்: அப்படியானால் உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று. மற்றபடி, இவர்கள் சொல்வது மனதுக்கு ஒப்பவில்லை, ஆனாலும் மறுத்துப் பேசவில்லை என்று இருந்துவிடுகிறாள். அவ்வளவு கேட்டுவிட்டு அவள் அடுத்ததாகச் செய்வது என்ன தெரியுமா? காஞ்சியில் பஞ்சம் என்று கேள்விப்பட்டு அங்கே போய்ச் சோறு போடுகிறாள். கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் தர்க்கம் கேட்க உட்காருகிறாள். சாத்தனார் இந்த வரிசையைச் சும்மா வைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. அடிகளிடம் அவள் சொல்வதும் பெரிய விஷயம்: நான் போட்டிருந்த வேடத்தைப் போலவே அந்தச் சமயங்களும் எனக்குள் இறங்கவில்லை என்கிறாள். கேட்டது வேறு, தனக்குள் நின்றது வேறு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நிறையப் படித்தவர்களிடம் நான் காணாத குணம் இது.

என் தங்கை மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை, கையில் எப்போதும் ஏதாவது தத்துவப் புத்தகம் இருக்கும். போன மாதம் பெரியப்பா திதிக்கு வந்திருந்தான். பெரியம்மாவுக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது. கூடத்தில் தூணோரம் உட்கார்ந்து படத்துக்குத் துளசி மாலை கட்டிக்கொண்டிருந்தார். இவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஆத்மான்னு ஒண்ணு இருக்குங்கறதுக்கு என்ன பாட்டி பிரமாணம்? இல்லாத ஒருத்தருக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று ஆரம்பித்தான். குரலில் வெறுப்பு எதுவும் இல்லை, நிஜமான ஆர்வத்தில்தான் கேட்டான். பெரியம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. நாரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பந்தியில் அன்று யாரும் சரியாகப் பேசவில்லை.

அவன் வாதத்தில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பது எனக்கு இங்கே முக்கியமில்லை. பெரியம்மா அங்கே எதையும் நிரூபிக்க உட்காரவில்லை, அதை அவன் பார்க்கவில்லை. எதிரில் இருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்க்கவிடாமல் ஒரு படிப்பு கண்ணை மறைத்தால் அது ஆபத்தான படிப்பு. மஜ்ஜிம நிகாயம் என்கிற பௌத்த நூலில் புத்தர் இதைத்தான் சொல்கிறார். பிறரைக் குறை சொல்லவும் வாதத்தில் ஜெயிக்கவும் தர்மத்தைக் கற்கிறவன், பாம்பை வாலில் பிடித்தவன் மாதிரி. அது திரும்பி அவனையே கடிக்கும். தன் சொந்த உபதேசத்தைப் பற்றியே அவர் அப்படிச் சொன்னார் என்பதை யோசித்துப் பார்.

அப்படியானால் தர்க்கம் எதற்கு என்று கேட்பாய். தனக்காகத்தான். 29-ஆவது காதையை நீ முதலில் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். "இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையைப் போல" என்பது ஒழுங்கான அனுமானம். அதற்குப் பிறகு அடிகள் வரிசையாகப் போலிகளை, அதாவது சரிபோலத் தோன்றும் தவறான வாதங்களை, சொல்லிக்கொண்டு போகிறார்: நிரூபிக்க வந்த கூற்றில் தவறும் பக்கப் போலி 9, காட்டும் காரணத்தில் தவறும் ஏதுப் போலி 14, எடுத்துக்காட்டுப் போலி 10. அந்தப் பதினான்கில் ஒன்று என்னை உலுக்கிவிட்டது. தூரத்தில் ஏதோ தெரிகிறது. ஆவியா, பனியா என்று சந்தேகமாக இருக்கிறது. சந்தேகம் தீராமலேயே "புகைதான், அங்கே நெருப்பு உண்டு" என்று ஒருவன் துணிந்துவிடுகிறான். அவனுக்கு விஷயம் தெரியாமல் இல்லை, புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பது சரியாகவே தெரியும். தான் இன்னும் சந்தேகத்தில் நிற்கிறோம் என்பதை மட்டும் மறந்துவிட்டான்.

சேது, கோபித்துக்கொள்ளாதே. பாகப்பிரிவினைக்கு அப்புறம் உன் தம்பி போன் செய்வதே இல்லை, அது அவன் மனைவி சொல்லிக்கொடுத்துத்தான், இதில் சந்தேகமே இல்லை என்று எழுதியிருந்தாய். உனக்குத் தெரிந்தது அவன் போன் செய்யவில்லை என்பது மட்டும்தானே? உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், பணமுடையாக இருக்கலாம், உன் முகத்தில் விழிக்கக் கூச்சமாகக்கூட இருக்கலாம். நீயே ஒரு தடவை கூப்பிட்டுப் பாரேன். தங்கச்சிக்கு இதையே பதிலாகச் சொல்: பரீட்சை எழுதவும் சபையில் பேசவும் இல்லை, என் மனது எந்த இடத்தில் அவசரப்பட்டு முடிவு கட்டுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் படிக்கிறேன் என்று.

இன்னொன்று. எழுபது புத்தகங்களுக்குப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறாய். வேண்டாம். இன்னும் ஒன்று படித்தால் தெளிந்துவிடும் என்ற எண்ணம் ஓயவே ஓயாது. ஒரு கேள்வியை எடுத்து அதோடு ஆறு மாதம் இரு. நம் கும்பகோணம் காலேஜில் உ.வே.சா. அப்படித்தான் இருந்தார். சீவக சிந்தாமணி ஜைனக் காவியம், அதற்காக இங்கேயிருந்த ஜைனர்களிடம் போய்ப் பாடம் கேட்டார். மணிமேகலைக்காக உடன் வேலை பார்த்த ரங்காசாரியரிடம் பௌத்தம் கேட்டார். அவர் ஆங்கில நூல்களைப் படித்து விளக்கச் சொல்ல, இவர் தமிழ் வரிகளோடு பொருத்திப் பார்த்திருக்கிறார். அழுத்தமான சைவர் அவர். தான் நம்பாத ஒரு சமயத்தை அதன் ஆட்கள் சொல்கிறபடியே புரிந்துகொள்ள அவ்வளவு பாடுபட்டு 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

29-ஆம் காதையை நாம் சேர்ந்தே வாசிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போன் செய்கிறேன், உரையோடு உள்ள பதிப்பைக் கையில் வைத்துக்கொள். எடுத்துக்காட்டுப் போலிகளில் இரண்டு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உன் பாடத்தில் நியாயம் என்கிற தர்க்க தரிசனம் எந்தப் பருவத்தில் வருகிறது என்று எழுது. தம்பியிடம் பேசினாயா என்றும் எழுது.

உன்
முத்து